செல்லப்பிராணிகளுக்குச் சமைக்காத உணவு

மீனையும் இறைச்சியையும் வேகவைக்காமல் நாய், பூனைகளுக்குப் போடும் வழக்கமும் அதனால் வரும் நோய்களும்.  

அம்பாறைக் கரையில் திருக்கோவில், வினாயகபுரம் முதல் கல்முனை வரை கரைவலை கரைக்கு வரும் இடமெல்லாம் பூனைகள் காத்திருக்கும். எப்போதோ கிடைக்கும் ஒரு மீன் பெரிய கேடு செய்வதில்லை. நாள்தோறும் அதுவே சாப்பாடானால்தான் ஆபத்து. நெத்தலி, சூடை இனங்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி உண்டு; அது உயிர்ச்சத்து பி1-ஐ அழித்துவிடும். பூனை முதலில் உணவை வெறுக்கும், பிறகு தள்ளாடும், கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலை நெஞ்சை நோக்கித் தொங்கும், வலிப்பும் வரும். நேரத்தோடு கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனால் பி1 ஊசியால் பெரும்பாலும் மீட்கலாம். இதே நோய் 1932-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில், சமைக்காத கெண்டை மீன் தின்ற நரிகளை முடக்கியது. ‘சாஸ்டெக் வாதம்’ என்ற பெயர் அப்படி வந்தது. உறையவைத்தாலும் இந்த நொதி அழியாது. கொதிக்கவைத்தால் அழியும்.

இறைச்சியின் கதை வேறு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010–2012-இல் சோதித்த 196 சமைக்காத செல்லப்பிராணி உணவு மாதிரிகளில் 15-இல் சால்மொனெல்லா கிருமியும் 32-இல் லிஸ்டீரியா கிருமியும் இருந்தன. நாய்க்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆனால் அதன் எச்சிலும் கோப்பையும் தொட்ட கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தொற்று வரக்கூடும்.

நீர்க்கட்டிகள் உள்ள ஆட்டு, மாட்டு ஈரலையும் நுரையீரலையும் நாய் தின்றால், எக்கினோகொக்கஸ் நாடாப்புழு அதன் குடலில் வளரும். முட்டைகள் மலத்தோடு வெளியேறி மனிதரை அடைந்தால், நம் ஈரலிலும் அதே கட்டிகள் தோன்றும். அறுப்பு நடக்கும் இடங்களிலும் உழ்ஹிய்யா எனும் ஹஜ்ஜுப் பெருநாள் பலி நாட்களிலும் கட்டியுள்ள உறுப்புகளை நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்பது அதனால்தான் முக்கியம்.

பறவைக் காய்ச்சலும் இப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2004 ஒக்டோபரில் தாய்லாந்தின் சிராச்சாவில் சமைக்காத கோழி தின்ற 441 புலிகளில் 147 இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. பூனையும் புலியின் இனமே.

மீனை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, சோற்றோடு பிசைந்து ஆறவிட்டுப் போடலாம். அவித்த எலும்பு மட்டும் வேண்டாம். அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.