வள்ளல் கதையல்ல

நிவாரணம் என்ற சொல் எமக்குப் புதியதல்ல. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களிலும் கோவில் மண்டபங்களிலும் கிடந்த நாட்களில் அரிசிக்கும் மாவுக்கும் அட்டையோடு வரிசையில் நின்றவர்கள் நாம். இங்கு வந்தபின் அகதி வழக்கு முடியும்வரை 'சோசல்' காசில் சீவித்தவர்களும் எம்மிற் பலர். ஆகவே எமது பிள்ளைகள் அமெரிக்கப் பெருமந்தத்தையும் ஜனாதிபதி றூஸ்வெல்ற்றின் 'நியூ டீல்' திட்டங்களையும் பள்ளியிற் படித்துவிட்டு எம்மிடம் விளக்கம் கேட்கும்போது, அது எமக்குத் தூரதேசத்துக் கதையாகப் படுவதில்லை.

1929 ஒக்ரோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. 1933 அளவில் உழைக்கக்கூடிய நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் முறிந்து, சனங்களின் சேமிப்பு அழிந்தது. 1933 மார்ச் 4 இல் பதவியேற்ற றூஸ்வெல்ற் இரண்டே நாட்களில் நாட்டின் வங்கிகள் அனைத்தையும் தற்காலிகமாக மூடிப் பரிசீலிக்கச் செய்தார். அதன்பின் வந்த திட்டங்களை நிவாரணம், மீட்சி, சீர்திருத்தம் என மூன்றாக வகுத்துப் படிப்பிப்பது வழக்கம்.

இதில் நிவாரணத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு முதலில் விளக்கவேண்டும். இளைஞரைக் காடு வளர்க்கவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் முகாம்களுக்கு அனுப்பிய திட்டம் ஒன்று 1933 இல் தொடங்கியது. மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலரளவு நேரே வீட்டுக்குப் போய்விடும். உண்டியலில் ஊருக்குக் காசு அனுப்பியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. இது நிவாரணம். 1942 இல் திட்டம் நின்றதும் சம்பளமும் நின்றது. ஆனால் வங்கி வைப்புகளுக்குக் காப்புறுதி வழங்கிய 1933 ஆம் ஆண்டுச் சட்டமும், முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையற்றோர் காப்புறுதிக்கும் வழிசெய்த 1935 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இன்றுவரை நிற்கின்றன. இவை சீர்திருத்தம். முன்னையது பசியை ஆற்றியது. பின்னையது உரிமையைச் சட்டமாக்கியது.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். றூஸ்வெல்ற்றையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்க மனம் இலகுவில் இணங்கிவிடும். நடந்தது அதுவல்ல. 1932 இல் முதலாம் உலகப்போரின் முன்னாட் படையினர் தமக்கு வாக்களிக்கப்பட்ட கொடுப்பனவைக் கேட்டு வொஷிங்ரனிற் கொட்டில் போட்டுக் குந்தினர். ஹூவர் அரசு இராணுவத்தை இறக்கி அவர்களைத் துரத்தியது; கொட்டில்கள் எரிந்தன. 1934 இல் சன் பிரான்சிஸ்கோ, மினியாபொலிஸ், ரொலிடோ நகரங்களிற் பெரும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்த சட்டம் 1935 இல் வந்தது. கேட்டவர்கள் இருந்தபடியாற்றான் கொடுக்கவேண்டி வந்தது.

கிடைக்காதவர்களையும் படிப்பிக்கவேண்டும். சமூகப் பாதுகாப்புச் சட்டம் தோட்ட, பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் ஆரம்பத்தில் வெளியே விட்டது. அன்றைய கறுப்பினத் தொழிலாளரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் இவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். பருத்தி விளைச்சலைக் குறைப்பதற்கென அரசு கொடுத்த பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரரின் கைக்குப் போக, குத்தகை விவசாயிகள் பலர் நிலத்தைவிட்டு எழுப்பப்பட்டனர். 'எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்' என்ற கூச்சலோடு இலட்சக்கணக்கான மெக்சிக்கர்கள் அந்தத் தசாப்தத்தில் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களிற் பெருந்தொகையானோர் அமெரிக்காவிற் பிறந்த குடிமக்கள். கலிபோர்ணியா மாநிலம் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2005 இல்.

குசினிகளில் நிற்கும் எமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. மணிக்கு 25 சதம் என்று குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்த 1938 ஆம் ஆண்டுச் சட்டம் உணவகத் தொழிலாளரிற் பெரும்பாலானோரைத் தொடவில்லை. 1966 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அது அவர்களை எட்டியது. அதுவும், வாடிக்கையாளர் கொடுக்கும் 'ரிப்ஸ்' காசையும் சம்பளத்திற் சேர்த்துக் கணக்குக் காட்ட முதலாளிக்கு இடம் விட்டுத்தான்.

இவ்வளவும் செய்தும் நியூ டீல் மந்தத்தை முற்றாக ஒழிக்கவில்லை. 1937 இல் அரசு செலவைக் குறைத்ததும் வேலையின்மை மறுபடி ஏறியது. போர்க்கால உற்பத்திதான் இறுதியில் எல்லோருக்கும் வேலை கொடுத்தது. அதற்காக அந்தத் திட்டங்களை வீண் என்றும் சொல்லமுடியாது. பல இலட்சம் வீடுகளில் அடுப்பெரிந்தது அவற்றாற்றான்.

பிள்ளைகளிடம் ஆண்டுகளையும் திட்டங்களின் பெயர்களையும் மட்டும் ஒப்புவிக்கச் சொல்லாமல், ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். யார் கேட்டார்கள்? யாருக்குக் கிடைத்தது? யார் வாசலில் விடப்பட்டார்கள்? பெற்றோர் உதவிப்பணம் எடுக்கிறார்கள் என்று வகுப்பிற் சொல்லக் கூசும் பிள்ளைகள் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பணம் எவருடைய தருமமும் அல்ல, வேலையிழந்த மனிதர்கள் தெருவில் இறங்கி வென்றெடுத்த வழமை என்பதை இந்த வரலாறு அவர்களுக்குச் சொல்லும். அதைப் படித்த பிள்ளை, நாளை இன்னொரு அகதி வரிசையில் நிற்கும்போது முகத்தைத் திருப்பாது.