கைப்பெட்டிக் கணினியின் கதை



பள்ளியில் பயிலும் பிள்ளை மடிக்கணினி வேண்டும் என்று கேட்கும்போது, பெற்றோர் முதலில் எண்ணுவது அதன் விலையைத்தான். மலிவானதை வாங்கினால் பிள்ளையின் படிப்புக்குக் குறை வந்துவிடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. இந்த அச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது? எடுத்துச் செல்லும் கணினி எளியவர் கைக்கு வந்த வரலாற்றைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன் 1' என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. கைப்பிடி வைத்த பெட்டி போன்ற வடிவம். எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலமே. விலை 1,795 அமெரிக்க டாலர். அக்காலத்தில் அது மலிவு என்றே கருதப்பட்டது. எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் வேண்டிய மென்பொருள்கள் அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருந்தன.

அதனை வெளியிட்ட ஆடம் ஆஸ்போர்ன் தமிழ் மண்ணோடு தொடர்புடையவர். 1939இல் பாங்காக்கில் பிறந்த அவர், தம் சிறுவயதில் பெரும்பகுதியைத் திருவண்ணாமலையில் கழித்தார். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் அடியார். 2003இல் ஆடம் காலமானதும் கோடைக்கானலில்தான். தேவைக்குப் போதுமானது இருந்தால் போதும் என்பதே அவருடைய கொள்கை. அவருடைய நிறுவனம் 1983இல் நொடித்துப்போயிற்று. ஆனால் அந்தக் கொள்கை மறையவில்லை.

இனி, கதையின் அடுத்த கட்டத்துக்கு வருவோம். கணினிப் பெட்டியின் விலை குறைந்தாலும், அதனை இயக்கும் மென்பொருளுக்குத் தனியே பணம் கட்ட வேண்டியிருந்தது. 1991இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 'லினக்ஸ்' என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். மறு ஆண்டே, யாரும் அதனை நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமத்தின் கீழ் அது வந்தது. பலர் கைகோத்து அதனை வளர்த்தனர். சிலர் அதனைப் பழைய, வலுக்குறைந்த கணினிகளுக்கு ஏற்றவாறு சுருக்கினர். 2003இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காலர் வெளியிடத் தொடங்கிய 'பப்பி லினக்ஸ்' அத்தகையது. அது கணினியின் நினைவகத்திலேயே முழுவதுமாக ஏறி இயங்கவல்லது. ஆகவே வட்டு பழுதான கணினியும் அதனால் உயிர்பெற்றது.

2005இல் நிக்கலஸ் நெக்ரோபோன்டே, ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டாலர் மடிக்கணினி என்னும் திட்டத்தை அறிவித்தார். அந்த விலை எட்டப்படவில்லை; 2007இல் அக்கணினி உருவாகி வந்தபோது ஏறத்தாழ இருமடங்காயிற்று. எனினும் குறைந்த விலைக் கணினிக்குச் சந்தை உண்டு என்பதை உலகம் உணர்ந்தது. அதே 2007இல் தைவானின் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்னும் சிறு கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை, இயக்கியதோ லினக்ஸ். ஆஸ்போர்ன் கணினியின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான்! பின்னர் விண்டோஸ் எக்ஸ்பியும் குறைந்த கட்டணத்தில் இவ்வகைக் கணினிகளுக்கு வந்தது. 2010க்குப் பிறகு பலகைக் கணினிகள் பெருகவே, இவை சந்தையிலிருந்து மறைந்தன.

நேயர்களே, இவ்வரலாறு இன்றும் பயன்படுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. அதன் அடுத்த பதிப்பை ஏற்காத, ஆனால் நன்கு இயங்கும் மடிக்கணினிகள் ஏராளம். அத்தகைய ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸை நிறுவினால் கட்டுரை எழுதலாம், பாடம் படிக்கலாம், வலைத்தளம் பார்க்கலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இயங்குதளம் இலகுவானதாயினும் இணைய உலாவி இலகுவாகிவிடாது. இன்றைய வலைப்பக்கங்கள் நினைவகத்தைப் பெரிதும் விழுங்குவன. ஆகவே 4 ஜிபி நினைவகமாவது இருக்கட்டும். 8 இருந்தால் நன்று. சுழலும் வட்டுக்குப் பதிலாகத் திடநிலைச் சேமிப்பகம் பொருத்தினால் வேகம் கூடும். பணம் கொடுக்குமுன், லினக்ஸ் ஏற்றிய யூ.எஸ்.பி. கோலைச் செருகி இயக்கிப் பாருங்கள். கம்பியில்லா இணைப்பு, ஒலி, விசைப்பலகை, மின்கலம் நான்கும் சரியாக உள்ளனவா என்று சோதியுங்கள். பள்ளி கேட்கும் மென்பொருள் லினக்ஸில் இயங்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். இயங்காதென்றால், மலிவாக வாங்கியதும் வீண் செலவே.

திருவண்ணாமலையில் வளர்ந்த சிறுவர் பின்னாளில் சொன்னது இதுதான்: போதுமானது போதும். பிள்ளைக்கு எது போதும் என்று முதலில் அறிந்துகொண்டால், விலையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.