களத்தில் சந்திக்காத வீரர்கள்

உறையூரை ஆண்ட தித்தனுக்கும் அவன் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளிக்கும் இடையே மனவேறுபாடு இருந்தது. தந்தையைப் பிரிந்து வாழ்ந்த அம்மகன், முக்காவல் நாட்டு ஆமூரில் வலிமை மிக்க மல்லன் ஒருவனோடு பொருது வென்றான். அப்போரைச் சாத்தந்தையார் என்னும் புலவர் புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்களில் பாடியுள்ளார். ஒரு கால் மல்லனின் மார்பை மடக்கி அழுத்த, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகின் பக்கம் வளைந்து நின்றது எனப் பிடியின் வகையைக் கண்முன் நிறுத்துகிறது 80ஆம் பாடல். மனம் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தந்தையாகிய தித்தன் இவ்வெற்றியைக் காணவேண்டும் என்பதே புலவரின் விருப்பம். 82ஆம் பாடலோ போரின் விரைவை ஓர் உவமையால் அளக்கிறது. ஊரில் விழா தொடங்கிவிட்டது; வீட்டில் மனைவி பேறுகால நோவில் இருக்கிறாள்; மழையும் பொழிகிறது; பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் கட்டிலைப் பின்னி முடிக்கவேண்டிய தொழிலாளி ஒருவனின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ, அவ்வளவு விரைந்து நடந்ததாம் அம்மற்போர்.

இப்பாடல்களில் தமிழாசிரியர் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கிள்ளி எக்காலத்து மல்லர்க்கும் மேலானவன் என்று புலவர் யாண்டும் கூறவில்லை. எதிர்நின்றவனின் வலிமையைக் கூறுகிறார், பிடியைக் கூறுகிறார், விரைவைக் கூறுகிறார். அளவுகோலையும் தம் காலத்து உழைப்பாளியின் கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்.

பிற்காலத்தார்க்கு இவ்வடக்கம் போதவில்லை. குத்துச்சண்டையைப் பற்றிய பேச்சு எழுந்தால், எந்தக் காலத்து வீரர் எந்தக் காலத்து வீரரை வெல்வார் என்னும் வழக்கும் உடன் எழுகின்றது. ஜோ லூயிசுக்கு இணையில்லை என்பர் முதியோர். முகமது அலியே பெரியவர் என்பர் அடுத்த தலைமுறையினர். மைக் டைசனின் முன் எவர் நிற்பார் என்பர் அவர்க்கு இளையோர். நெகிரி செம்பிலான் மாநிலத்து அம்பாங்கான் வட்டாரத்தின் தோட்டப்புறத் தேநீர்க்கடைகளும் இவ்வழக்கிற்கு விலக்கல்ல. இவ்வழக்கைத் தீர்க்க வழி உண்டா என்பது ஆராயத்தக்கது.

தீர்ப்புக் கூறும் பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்துப் பார்த்தார் ஒருவர். அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த மரி வொரோனர் என்னும் வானொலித் தயாரிப்பாளர், 1967ஆம் ஆண்டில் வெவ்வேறு காலத்துப் பேரெடைப் பிரிவு வீரர் 16 பேரைத் தேர்ந்தெடுத்தார். குத்துச்சண்டை எழுத்தாளர்களிடம் அவ்வீரர்களின் திறங்களைக் கேட்டறிந்து, விடைகளைக் கணினியில் ஏற்றி, கற்பனைப் போட்டிகளை வானொலியில் நடத்தினார். இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ ஜாக் டெம்ப்சியை வென்றார் என்பது முடிவு. அப்போட்டியில் முகமது அலி, அவர் பிறப்பதற்கு முன்பே களத்தை விட்டு நீங்கிய ஜிம் ஜெப்ரீசிடம் தோற்றதாகக் கூறப்பட்டது. அலி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்து, அலியும் மார்சியானோவும் 1969இல் படப்பிடிப்பிற்காக மோதிக்கொண்டனர். பல வகையான முடிவுகள் படமாக்கப்பட்டன. அப்படம் வெளிவருமுன், அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மார்சியானோ விமான விபத்தில் உயிர்நீத்தார். 1970 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படத்தில் 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட படத்திலோ அலி வென்றதாக முடிவு அமைந்தது என்பர். இட்ட விதையே முளைக்கும். எழுத்தாளர் மனத்தில் இருந்த மதிப்பீடே இயந்திரத்தின் வாயிலாகத் தீர்ப்பாக வெளிவந்தது.

இயந்திரத்தை விடுத்து மனிதரே தீர்ப்புச் சொல்ல முற்பட்டாலும், முதலில் நிற்கும் தடை விதிகளின் வேறுபாடு. 1889 ஜூலை 8ஆம் நாள் ஜான் சல்லிவன், ஜேக் கில்ரெய்னோடு வெறுங்கையால் 75 சுற்றுகள் பொருது வென்றார். அக்காலத்துப் பழைய விதியின்படி ஒருவர் கீழே விழுந்தால் சுற்று முடியும். சுற்றுக்குக் கால அளவு இல்லை. 1892 செப்டம்பர் 7ஆம் நாள் அதே சல்லிவன் கையுறை அணிந்து, சுற்றுக்கு மூன்று நிமிடம் என்ற குயின்ஸ்பெரி விதியின் கீழ் ஜேம்ஸ் கார்பெட்டை எதிர்த்தார். 21ஆம் சுற்றில் வீழ்ந்தார். 1915இல் ஹவானாவில் ஜாக் ஜான்சனும் ஜெஸ் வில்லர்டும் மோதிய போட்டி 45 சுற்றுகளுக்கெனக் குறிக்கப்பட்டு 26ஆம் சுற்றில் முடிந்தது. அலியின் காலத்தில் பட்டப் போட்டிக்கு 15 சுற்று. பின்னர் அது 12 ஆயிற்று. மார்சியானோவின் எடை ஏறக்குறைய 185 ராத்தல். இக்காலத்துப் பேரெடைப் பிரிவு 200 ராத்தலுக்கு மேல் தொடங்குவதால், அவர் இன்று கீழ்ப்பிரிவிற்கே உரியவராவார். 26ஆம் சுற்றிலும் தளராமல் நிற்கப் பழகியவரை 12 சுற்றில் விரைந்து பொருதப் பழகியவரோடு நிறுத்தினால், எந்த விதி என்பதை முடிவு செய்தவரே வெற்றியையும் முடிவு செய்தவராகிறார்.

இதனைத் தோட்டப்புறத்தார் எளிதில் உணர்வர். விதையிலிருந்து வளர்ந்த பழைய ரப்பர் மரங்கள் ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 ராத்தல் ரப்பரே தந்தன. 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் உழைப்பால், ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு வகைகள் பின்னாளில் பரவின. அவை இரண்டு மூன்று மடங்கு விளைவு தந்தன. பால் நிறுவையை மட்டும் பார்த்தால், 1970இல் மரம் வெட்டிய பேரன் 1930இல் மரம் வெட்டிய பாட்டனைவிட மூன்று மடங்கு வல்லவன் என்று முடிவு கட்டநேரும். மரத்தின் பெருமையை மனிதன் கணக்கில் எழுதுவது அது. பாட்டனின் கைத்திறத்தை அறிய விரும்புவோர், பட்டையைக் காயப்படுத்தாமல் அவன் வெட்டிய கோட்டையும், அவனுக்கு அளிக்கப்பட்ட நிரையையும், அந்நிரையில் அவனோடு நின்றவரையும் அறிதல் வேண்டும்.

விதியும் எடையும் ஒத்திருந்தாலும் மற்றொரு தடை உண்டு. ஒரே வீரர் தம் வாழ்நாள் முழுதும் ஒருவராக இருப்பதில்லை. 1975 ஜூலை 1ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி, ஜோ பக்னரை 15 சுற்றுகள் எதிர்த்துப் புள்ளிகளால் வென்றார். மலேசிய மக்கள் கண்ட அந்த அலிக்கு வயது 33. 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்சை மூன்றே சுற்றில் வீழ்த்திய அலிக்கு வயது 24. போருக்குச் செல்ல மறுத்ததனால் 1967இல் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகள், உடல் முழு வலிமையோடு இருந்த பருவத்தில், அவர் களம் ஏற இயலவில்லை. அலியை வேறொருவரோடு ஒப்பிடுவோர் எந்த அலியைக் குறிக்கின்றனர் என்பதை முதலில் கூறவேண்டும். இரு காலத்து வீரர் உண்மையாகவே சந்தித்த போட்டிகளும் இதனையே காட்டுகின்றன. 1951 அக்டோபர் 26ஆம் நாள் மார்சியானோ ஜோ லூயிசை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். லூயிசுக்கு அப்போது வயது 37; மார்சியானோவிற்கு 28. 1980 அக்டோபரில் லாரி ஹோம்சிடம் அலி தோற்றபோது அவருக்கு வயது 38. அங்கே வென்றது வீரமா இளமையா என்று பிரித்தறிதல் அரிது.

ஆகவே வெவ்வேறு காலத்தாரை மோதவிடும் கேள்விக்கு உறுதியான விடை இல்லை. ஆனால், வரலாற்றில் விடை காணத்தக்க வேறொரு கேள்வி உண்டு. ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒரே விதியின் கீழ் நின்று, மோதியிருக்கக்கூடிய வீரர் ஏன் மோதவில்லை?

பீட்டர் ஜாக்சன் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற கறுப்பின வீரர். 1891 மே 21ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அவர் கார்பெட்டோடு 61 சுற்றுகள் பொருதார்; இருவரும் தளர்ந்து, முடிவின்றிப் போட்டி நின்றது. மறு ஆண்டு அதே கார்பெட்தான் சல்லிவனை வீழ்த்தி உலகப் பட்டத்தைப் பெற்றார். சல்லிவனோ கறுப்பின வீரர் எவரோடும் பொருவதில்லை என வெளிப்படையாகவே மறுத்துவிட்டார். ஜாக்சனுக்குப் பட்டப் போட்டி கிட்டவே இல்லை.

அத்தடையை உடைத்தவர் ஜாக் ஜான்சன். 1908 டிசம்பர் 26ஆம் நாள் சிட்னியில் டாமி பர்ன்சை வென்று அவர் பட்டம் பெற்றார். அவரை வீழ்த்த, ஓய்வு பெற்று எடை கூடியிருந்த ஜெப்ரீசை மீண்டும் களத்திற்கு அழைத்து வந்தனர். 1910 ஜூலை 4ஆம் நாள் ரீனோ நகரில் ஜெப்ரீஸ் 15ஆம் சுற்றில் தோற்றார். அதனைப் பொறாத வெள்ளையர் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பினத்தாரைத் தாக்கினர், உயிர்களும் மாண்டன. இங்கு மறைக்கலாகாத மற்றொரு செய்தியும் உண்டு. பட்டம் பெற்ற ஜான்சன், சாம் லாங்போர்ட் முதலிய தம் இனத்துப் பெருவீரர்க்குப் பட்டப் போட்டி அளிக்கவில்லை. தமக்கு மூடப்பட்டிருந்த கதவை, திறந்த பின்னர் அவரும் மூடினார். 1915இல் அவர் பட்டம் இழந்தபின், 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை 22 ஆண்டுகள் கறுப்பின வீரர் எவருக்கும் பட்டப் போட்டி வாய்க்கவில்லை. டெம்ப்சி பட்டம் தாங்கிய 1919 முதல் 1926 வரையிலான காலத்தில் ஹாரி வில்ஸ் காத்திருந்து காத்திருந்து வலிமை குன்றினார்.

ஜான்சன் ரீனோவில் வென்ற அதே 1910ஆம் ஆண்டில் இந்திய மல்லர் காமா இலண்டன் சென்றார். செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து மல்லர் சிபிஸ்கோ அவரிடம் தோற்காதிருக்கும் பொருட்டு இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகத் தரையோடு தரையாகக் கிடந்தார். ஒரு வாரத்திற்குப் பின் குறிக்கப்பட்ட மறுபோட்டிக்கு அவர் வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்திற்குள்ளாகவே வென்றார். அக்காலத்து உலக வாகையராகிய அமெரிக்க மல்லர் பிராங்க் காட்ச் காமாவைச் சந்திக்கவே இல்லை. அடிமை நாட்டிலிருந்து வந்த மல்லர்க்கு அவ்வாய்ப்பு வாய்க்காமலே போயிற்று.

இவற்றை நோக்குமிடத்து, லூயிசும் அலியும் சந்திக்காமைக்குக் காலம் காரணம். அதற்காக எவரையும் குறை கூற இயலாது. ஜாக்சனும் சல்லிவனும், வில்சும் டெம்ப்சியும் சந்திக்காமைக்கு மனிதரே காரணர். பட்டியலில் முதலிடம் பெற்ற பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கற்பனைப் போட்டி நடத்துவோர், பட்டியலுக்குள் நுழைய விடப்படாதவரை இரண்டாம் முறையும் வெளியே நிறுத்துகின்றனர்.

பள்ளிகளிலும் இவ்வகை ஒப்பீடு நாள்தோறும் நடைபெறுகின்றது. அக்காலத்து மாணவர் சிறந்தவரா, இக்காலத்து மாணவர் சிறந்தவரா என்று பேசும்போது, தேறியவர் எண்ணிக்கையே சான்றாகக் காட்டப்படுகின்றது. விடியற்காலையில் பெற்றோரோடு நிரைக்குச் சென்று பால் சேர்க்க உதவியதால் பள்ளியையே விட்டு நின்ற பிள்ளைகள் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. அவருள் எத்தனை பேர் முதலிடத்திற்கு உரியவர் என்பதை இனி அறிய வழியில்லை. ஆனால், இன்று வகுப்பில் பெயர் பதிந்துள்ள பிள்ளைகளுள் எவரெவர் தேர்வுக்கூடத்தை அடையாமல் நின்றுவிடக்கூடும் என்பதை, வருகைப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியர் எவரும் அறிவர்.