82 மீட்டர்

போன வாரம் பேரன் ஒரு கேள்வி கேட்டான். “தாத்தா, 2015ல் அரசாங்கம் 857 ஆபாச இணையதளங்களை முடக்கச் சொல்லிவிட்டு நாலைந்து நாளிலேயே பின்வாங்கியதாமே, ஏன்?” எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2018ல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் சொல்லி அதே பட்டியலை மறுபடி எடுத்தார்கள், அதில் முப்பது தளங்களில் ஆபாசமே இல்லை என்று கண்டு மீதி 827ஐ அடைத்தார்கள் என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். எனக்கோ பழைய கோப்பு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த வயதில் என்ன கூச்சம், எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு பள்ளியில் படித்தவன் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்து, செங்கல்பட்டு மாவட்டத்தில் குமாஸ்தா வேலையில் இருந்தேன். பெயர்தான் செங்கல்பட்டு மாவட்டம், கலெக்டர் ஆபீஸ் இருந்தது காஞ்சிபுரத்தில். திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் எல்லாம் அப்போது அந்த மாவட்டம். சென்னை மாநகராட்சியில் அவை சேர்ந்தது 2011ல்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சினிமா கொட்டகைக்கு லைசென்ஸ் கொடுப்பவர் சென்னை நகரத்துக்குள் போலீஸ் கமிஷனர். நகர எல்லையைத் தாண்டினால் கலெக்டர். 1955ம் வருடச் சட்டம் அப்படி. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கமிஷனர் ஆபீஸ் கண்ணெதிரில் இருந்தது. அதே ஹைரோட்டில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் கோப்பு காஞ்சிபுரம் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் படம் மாறியிருக்கும்.

படம் என்றால் எந்தப் படம் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை பதினோரு மணிக் காட்சி. போஸ்டரில் வட்டத்துக்குள் ‘ஏ’. பெரும்பாலும் மலையாளம். 1978ல் ஐ.வி. சசி எடுத்த ‘அவளுடே ராவுகள்’ போன்ற நல்ல படத்துக்கும் அதே கூட்டம்தான், வந்தவர்கள் வேறு எதையோ எதிர்பார்த்து வந்தார்கள். எண்ணூர் பக்கம் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்களுக்கு அந்த நேரம் வசதி. வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்கு முன் ஒரு சினிமா.

‘ஏ’ படம் காட்டுவது குற்றமில்லை. பதினெட்டு வயது ஆனவர் பார்க்கலாம். குற்றம் எதுவென்றால் நடுவில் ஒட்டுகிற துண்டு. சென்சார் வெட்டியதோ, வேறு எங்கோ எடுத்ததோ, கதைக்குச் சம்பந்தமில்லாமல் திடீரென்று வந்து போகும். மக்கள் வைத்த பெயர் பிட்டு. 1952ம் வருட ஒளிப்பதிவுச் சட்டப்படி சான்றிதழ் பெற்ற பிறகு படத்தில் ஒரு துண்டு கூட்டினாலும் குற்றம். 1984ல் மத்திய அரசு அந்தத் தண்டனையை மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியது.

ஆனால் பிடிப்பது எப்படி? 35 எம்.எம். படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். முன்னூறு அடிப் பிட்டு மூன்று நிமிடம் இருபது விநாடியில் முடிந்துவிடும். போலீஸ் கேட்டில் நுழைந்து மாடி ஏறி ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டுவதற்குள் துண்டு கழன்று டிபன் கேரியருக்குள் போய்விடும். மேல் தட்டில் சாம்பார் சாதம்.

நான் சொல்லும் கோப்பில் அப்படித் தப்பவில்லை. 1982 வாக்கில். பிட்டு ஒட்டியிருக்கும்போதே சுருளைக் கைப்பற்றி, அளந்து, மகஜர் எழுதிவிட்டார்கள். மகஜரில் அளவு அடியில். சென்சார் சான்றிதழிலோ நீளம் மீட்டரில். கொட்டகைக்காரரின் வக்கீல் இரண்டும் ஒத்துப்போகவில்லை, அளந்ததே தப்பு என்று பதில் கொடுத்திருந்தார். எங்கள் பிரிவில் எல்லோரும் அடி, அங்குலம், பலம், வீசை என்று வளர்ந்தவர்கள். சூப்பரின்டெண்ட் என்னைக் கூப்பிட்டு, “நீதான் பிரெஞ்சுக்காரனிடம் மீட்டர் படித்தவனாயிற்றே, பார்” என்றார். உட்கார்ந்து சுருள் சுருளாகக் கணக்குப் போட்டேன். கூடுதலாக இருந்தது 270 அடி, அதாவது 82 மீட்டர். சரியாக மூன்று நிமிடம். குறிப்பு எழுதி வைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

முதல் எதிரி பெயரைக் குறிப்பில் எழுதும்போதுதான் கவனித்தேன். ஆபரேட்டர். எங்கள் தெருக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுபவர். முதலாளி பெயர் இரண்டாவதாக இருந்தது. அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று மருத்துவச் சீட்டு வைத்திருந்தார். கொட்டகையை நிறுத்திவைத்த உத்தரவுக்குச் சில நாளில் தடை வாங்கினார். கொட்டகை திறந்தது. அரசாங்கத்துக்குக் கேளிக்கை வரியும் வழக்கம்போல் வந்தது.

இதே காலத்தில் பாரிஸிலிருந்து என் பெரியப்பா மகன் எழுதுவான். அங்கே 1975 டிசம்பர் 30ம் தேதிச் சட்டத்தில் இந்த ரகப் படங்களுக்கு ‘எக்ஸ்’ என்று தனிப் பிரிவு வைத்தார்கள். மதிப்புக் கூட்டு வரி 33 சதவீதம், லாபத்தில் 20 சதவீதம் தனியாக, அரசு உதவி கிடையாது. ஆபரேட்டரைப் பிடிக்காமல் கல்லாப்பெட்டியைப் பிடித்தார்கள். அதுவும் சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பணம் எங்கே போகிறது என்று பார்த்த சட்டம் அது.

நம் ஊரில் கொட்டகைக்கு அடுத்து வீடியோ டெக் வந்தது. 1984ல் அதற்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம், தனி லைசென்ஸ். பிறகு பர்மா பஜாரில் சி.டி. 2004ல் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். அதற்கிடையில் 2000ல் ‘கின்னாரத் தும்பிகள்’ வந்து ஷகிலா அலை அடித்துக் காலைக் காட்சிக்கு மறுபடி உயிர் வந்தது வேறு கதை.

அண்ணனுக்கு அபராதம் ஆனது. ஆபரேட்டர் லைசென்ஸ் போயிற்று. பிறகு துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு மூட்டை தூக்கப் போனார். கல்மண்டபம் மார்க்கெட்டில் ஒருநாள் பார்த்தபோது அவராகவே சொன்னார்: “தம்பி, ஒட்டுனது என் கைதான், இல்லன்னு சொல்லல. எவனோ ஒருத்தன் உக்காந்து மீட்டர் கணக்குப் போட்டானாம், அதுலதான் மாட்டிக்கிட்டேன். வக்கீலே சொன்னாரு, கெட்டிக்காரன்னு.”

மத்தி மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அரைக் கிலோ போதும் என்று மீன்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, பணத்தைக் கொடுத்து, அவரோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். அந்தக் கணக்கு என்னுடையது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அவர் போகும் வரைக்கும் சொல்லவில்லை.