ஆரோலேப்

ஆரோலேப் என்பது மதுரையில் இயங்கும் கண் மருத்துவப் பொருள் தயாரிப்பு நிறுவனம். அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தின் உற்பத்திப் பிரிவாக 1992இல் தொடங்கப்பட்டது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ், அறுவைத் தையல் நூல், சொட்டு மருந்து, நுண்கத்திகள் முதலியவற்றைத் தயாரிக்கிறது. லாபத்தில் நடக்கும் இந்நிறுவனம் ஓர் அறக்கட்டளையின் உடைமை. எனவே லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முதலாளிகள் இதற்கு இல்லை.

பின்னணி

அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதி உள்ளவர்கள் கட்டணம் செலுத்தினார்கள். அந்த வருவாயில் ஏழைகளுக்கு இலவசமாக அறுவை நடந்தது. எண்பதுகளில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. கண்புரையை அகற்றியதும் செயற்கை லென்ஸ் பொருத்தும் முறை மேலைநாடுகளில் பரவியிருந்தது. இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். கட்டணம் செலுத்தியவர்களுக்கு அது கிடைத்தது. இலவசப் பிரிவில் பெரும்பாலோருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். வயலில் வேலை செய்பவரின் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ, அறுவை செய்தும் பயனில்லாத நிலைக்கு அவர் திரும்பிவிடுவார். ஒரே மருத்துவர் செய்த அறுவையில் பணம் இரண்டு வகைப் பார்வையை உண்டாக்கியது என்பதே இதில் வருந்தத்தக்கது.

நன்கொடையாக வந்த லென்ஸ்கள் தேவைக்குப் போதவில்லை. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் அதனோடு பணியாற்றிய டேவிட் கிரீனும் துணைநிற்க, லென்ஸை மதுரையிலேயே செய்வது என்று முடிவாயிற்று.

விலை குறைந்த விதம்

ஆரோலேப் லென்ஸ் தொடக்கத்தில் ஏறத்தாழ 10 டாலருக்கு விற்றது. பிறகு விலை இன்னும் இறங்கியது. இதற்கு மானியம் காரணமன்று. லென்ஸுக்கான மூலப்பொருள் மிகக் கொஞ்சம். துல்லிய இயந்திரம், தூசியற்ற அறை, தரச் சோதனை ஆகியவற்றுக்கே பெருஞ்செலவு. எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு லென்ஸின் மீதும் விழும் செலவு குறையும். அந்த எண்ணிக்கையை அரவிந்த் மருத்துவமனைகளின் அறுவைக்கூடங்களே உறுதி செய்தன. தரம் குறைந்தால் மறுநாளே சொல்லும் மருத்துவர்களும் அங்கேயே இருந்தார்கள். உற்பத்திக் கூடங்களில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர்.

தனியார் மருத்துவமனைகளும் ஆரோலேப் பொருள்களை வாங்குகின்றன. மடித்துப் பொருத்தும் அக்ரிலிக் லென்ஸ் போன்ற உயர்வகைகளுக்கு விலை அதிகம். எளிய வகை லென்ஸ் ஏழைகளுக்கு எட்டும் விலையில் தொடர்கிறது.

உபரியின் பயன்

மிஞ்சும் பணம் புதிய பொருள்களை உருவாக்கச் செலவாகிறது. இறக்குமதியில் விலை மிகுந்திருந்த தையல் நூல் அடுத்துக் கைக்கொண்டவற்றுள் ஒன்று. கண் நீர் அழுத்த நோய்க்குப் பொருத்தப்படும் வடிகால் கருவியும், வெளிநாட்டுக் கருவிகளின் விலையில் சிறு பங்குக்கு ஆரோலேப்பில் இருந்து வந்தது.

குறைந்த விலையைப் பார்த்து இதைப் பின்பற்ற விரும்புவோர், பொருளை நாள்தோறும் வாங்கிப் பயன்படுத்தும் மருத்துவமனை முதலில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வரிசையை மாற்றினால் இந்த விலை கிட்டாது. ஆரோலேப் லென்ஸ்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.