மதிய இடைவேளை இயற்பியல்



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், இப்போ பிள்ளைங்க போன்லயே குழுவா சேர்ந்து ஃபிசிக்ஸ் பேசுறாங்க. என்பிடெல்ல ஐ.ஐ.டி. பாடமே இலவசமா கிடைக்குது. அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது?"

இருந்தது தம்பி. நம் பக்கத்துக்காரர் ஒருவரே நடத்தினார்.

தென்காசியிலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் வத்திராயிருப்பு. அந்த வட்டாரத்தில் 1898-இல் பிறந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. அதனால் நம்மவர் என்று உரிமையோடு சொல்வேன். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி என்று படித்து, சென்னையிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். பெரிய பதவி இல்லை. ஆய்வகத்தில் செய்து காட்டும் வேலை.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவார். இயற்பியல், வேதியியல், கணிதம், எதிலும் எந்தச் சந்தேகமும் கேட்கலாம். பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. செய்தி பரவி, பக்கத்துக் கல்லூரிப் பையன்களும் வந்துவிட்டார்கள்! ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுத மணிக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கேள்வி வரும்படி அவர்களோடு உட்காருவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

1920-இல் கிருஷ்ணன் ராமனைத் தேடிக் கல்கத்தா போனார். ராமன் கதையும் இதே ஜாதிதான். 1907-இல் அவர் அங்கே போனது அரசுக் கணக்குத் துறை அதிகாரியாக. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் நன்கொடை திரட்டி 1876-இல் தொடங்கிய அறிவியல் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ராமனுக்கு அந்தச் சங்கத்து ஆய்வகம்தான். இப்படிப் பத்து வருஷம்! பேராசிரியர் ஆனது 1917-இல்தான்.

அதே சங்கத்தில்தான் 1928-இல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது என்று 'நேச்சர்' இதழில் மார்ச் 31 வெளியான கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. 1930 நோபல் ராமனுக்கு மட்டும். (இதற்காக இங்கே யாரும் சண்டைக்கு வர வேண்டாம்!) கிருஷ்ணன் பிறகு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

சரி, நம் இடைவேளைக்கும் ஒரு கேள்வி. குற்றாலம் பேரருவிச் சாரலில் வானவில் தெரிய வேண்டுமானால் சூரியன் நமக்கு முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். ஏன்? கூகுளைப் பார்க்காமல் எழுதுங்கள்.