செங்கோலும் தழும்பும்

போர் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. கரையிலே இழுத்து நிறுத்திய கப்பல்களின் மரம் உளுத்துவிட்டது, கயிறுகள் இற்றுவிட்டன. ஊரிலே மனைவியர் காத்துக் கிடக்கின்றனர். விட்டுவந்த குழந்தைகள் தந்தையின் முகம் மறந்து வளர்ந்துவிட்டனர். டிராய் நகரத்து மதில் மட்டும் அசையவில்லை.

அந்த வேளையில், படைவீரர் கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்தான். மன்னர் மன்னனாம் அகமெம்னானை நோக்கிக் கேட்கத் தொடங்கினான். உனக்கு இன்னும் என்ன குறை, கூடாரம் நிறைய வெண்கலம் இருக்கிறதே, நாங்கள் வென்ற ஊர்களிலெல்லாம் சிறந்த பெண்களை நீதானே எடுத்துக்கொண்டாய், இன்னும் பொன் வேண்டுமா, இன்னொரு பெண் வேண்டுமா என்று கேட்டான். பிறகு தோழர்கள் பக்கம் திரும்பினான். நாம் வீடு திரும்புவோம், இவன் தன் கொள்ளைப் பொருளோடு இங்கேயே கிடக்கட்டும், நம் துணையில்லாமல் இவன் மதிப்பு என்ன என்பது அப்போது தெரியும் என்றான்.

விடை கிடைத்தது. சொல்லால் அல்ல, கோலால்! ஒடிசியஸ் என்னும் சிற்றரசன், கையிலிருந்த செங்கோலால் அவன் முதுகிலே ஓங்கி அடித்தான். தோல் கன்றிக் குருதி கட்டியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். கூடியிருந்த வீரர்கள் என்ன செய்தனர்? சிரித்தனர்!

அடிபட்டவன் பெயர் தெர்சைட்டீஸ். இடம், ஹோமர் பாடியதாகக் கிரேக்கர் போற்றும் இலியத் காவியத்தின் இரண்டாம் பகுதி. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன் உருவான நூல் அது. 24 பகுதிகள், 15,000-க்கு மேற்பட்ட அடிகள். அந்தப் பெருங்கடலில் தெர்சைட்டீசுக்குக் கிடைத்த இடம் ஒரு கையளவு நீர். அத்துடன் அவன் மறைந்துவிடுகிறான். எனினும் அக்கிலிசின் வீரத்தையும் ஹெக்டரின் வீழ்ச்சியையும் படித்து முடித்த பிறகும், அந்தக் கன்றிய முதுகு நம் கண்ணைவிட்டு அகலவில்லை.

புலவன் அவனை எப்படிக் காட்டுகிறான், பாருங்கள். கால் வளைந்தவன், ஒரு கால் நொண்டி, தோள்கள் மார்பை நோக்கிக் குறுகியவை, தலை கூம்பியது, மயிர் அங்கொன்றும் இங்கொன்றும். டிராய்க்கு வந்தவர்களுள் இவனினும் அழகற்றவன் இல்லையாம்! பெருவீரர்களுக்கெல்லாம் தந்தை பெயர் உண்டு, நாடு உண்டு, சிலருக்குக் கடவுளே பாட்டன். இவனுக்கு அப்பன் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. இவன் பேசப்போகும் சொல்லை நாம் மதித்துவிடக் கூடாது என்பதற்காகவே, பேசுவதற்கு முன்னர் இவன் உடலைப் பழித்துவிடுகிறது காவியம்.

சரி, சொன்னதாவது பொய்யா? அதுதான் இல்லை!

முதற்பகுதியைப் புரட்டினால் உண்மை விளங்கும். அப்பல்லோ கோயில் பூசாரியின் மகள் கிரைசீசை அகமெம்னான் சிறைப்பிடித்து வைத்துக்கொண்டான். தந்தை பொன்னும் பொருளும் கொண்டுவந்து கெஞ்சினான், விரட்டப்பட்டான். படையிலே கொள்ளைநோய் பரவியது; ஒன்பது நாள் பிணங்கள் எரிந்தன. வேறு வழியின்றி அவளைத் திருப்பி அனுப்பிய அரசன், ஈடாக அக்கிலிசின் பங்காகிய பிரிசீஸ் என்னும் பெண்ணைப் பறித்துக்கொண்டான். அக்கிலிஸ் சீறினான். பேராசைக்காரன், நாய்க்கண்ணன், குடிகளைத் தின்னும் அரசன் என்று முகத்துக்கு நேரே ஏசினான். உழைப்பது நான், பங்கு பெறுவது நீயா என்று கேட்டான்.

தெர்சைட்டீஸ் கேட்டதும் அதே கேள்விதான். ஆனால் அக்கிலிஸ் முதுகில் கோல் விழுந்ததா? விழவில்லை. அவன் வாளை உருவப்போனபோது, அத்தீனாத் தெய்வமே இறங்கிவந்து தலைமயிரைப் பிடித்து நிறுத்தி, பின்னால் மும்மடங்கு பரிசு கிடைக்கும் என்று சமாதானம் கூறுகிறது. தெய்வத்தின் மகன் கேட்டால் அது வீரம். தெருவில் நிற்பவன் கேட்டால் அது திமிர்! சொல் ஒன்று, வாய் இரண்டு, அவ்வளவுதான் வேற்றுமை.

இன்னொன்றும் உண்டு. வீரர்கள் ஊர் திரும்பக் கப்பலை நோக்கி ஓடியபோது, ஒடிசியஸ் அவர்களைத் தடுத்தான். அரசர்களையும் தலைவர்களையும் கண்டால் அருகே சென்று இன்சொல் பேசினான். சாதாரண வீரனைக் கண்டால் கோலால் அடித்தான். ஒரே குற்றம், இரண்டு தீர்ப்பு. மனு எழுதிய நாட்டிலே பிறந்த நமக்கு இது புதுமையாகவா தோன்றும்?

கிரேக்கத்துக் கதை காவிரிக் கழிமுகத்துக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கிரேக்கர் நமக்கு அயலார். ஆனால் அறியாதவர் அல்லர். நாம் வாழும் திருவேட்டக்குடியிலிருந்து கடற்கரையோடு வடக்கே, தரங்கம்பாடியைக் கடந்து சென்றால் பூம்புகார். அங்கே மருவூர்ப்பாக்கத்தில் யவனர் குடியிருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி, கபேரிஸ் என்று குறித்த வணிகத் துறைமுகம் இந்தக் காவிரிப்பூம்பட்டினமே என்பர் ஆய்வாளர். அதற்குச் சற்று முன்னே வாழ்ந்த டியோ கிறிசாஸ்டம் என்னும் கிரேக்கச் சொற்பொழிவாளர், இந்தியர்கள் தங்கள் மொழியிலேயே ஹோமரைப் பாடுகின்றனர், பிரயாம் மன்னனின் துயரும் ஆண்ட்ரோமகியின் அழுகையும் அவர்களுக்குத் தெரியும் என்று கூறியிருக்கிறார். அவர் காதில் விழுந்த செய்தி மகாபாரதத்தைப் பற்றியதாகவே இருக்கும் என்பது பல அறிஞர்களின் கருத்து. பெண்ணின் பொருட்டு மூண்ட பகை, பிள்ளைகளை இழந்த முதிய அரசன், பிணக்களத்தில் புலம்பும் மகளிர் எனத் தொலைவிலிருந்து கேட்பவனுக்கு இரண்டும் ஒரே கதையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

வேறோர் ஒற்றுமையும் உண்டு. அதை நம்மூரின் பெயரே நினைவூட்டுகிறது.

வேட்டக்குடி! சிவன் வேடனாக வந்து அருச்சுனனோடு பொருத கதையைத்தான் இவ்வூர்க் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. வில்லேந்திய வேட மூர்த்திக்கு இங்கே வழிபாடு உண்டு. மாசி மகத்தன்று கடலாட்டு உண்டு. பாரதக் கதையின்படி, காட்டிலே ஒரு பன்றிக்காக வேடனும் அருச்சுனனும் மோதுகின்றனர். வேடன்தானே என்று இகழ்ந்த அருச்சுனன், வந்தவன் கடவுள் என்று தெரிந்ததும் காலில் விழுகிறான்.

அதே பாரதத்தில் இன்னொரு வேடன் இருக்கிறான். அவன் வேடம் புனைந்து வந்தவன் அல்லன், பிறப்பால் வேடன். பெயர் ஏகலைவன். நிடாதர் தலைவனின் மகன். வில்வித்தை கற்க வேண்டும் என்று துரோணரிடம் வந்தான். குலம் பார்த்து மறுத்தார் குரு. களிமண்ணால் அவர் உருவைச் செய்து வைத்துத் தானே பயின்றான். குரைத்த நாயின் வாயை அம்புகளால் அடைக்கும் அளவுக்குத் தேர்ந்தான். அருச்சுனனுக்கு மனம் பொறுக்கவில்லை. துரோணர் வந்தார், கற்பிக்காத கல்விக்குக் காணிக்கை கேட்டார். வலக்கைக் கட்டைவிரல்! ஏகலைவன் தயங்காமல் அறுத்துக் கொடுத்தான். அருச்சுனனின் கவலை தீர்ந்தது.

வேடன் கடவுளாக இருந்தால் வணக்கம். வேடன் வேடனாகவே இருந்தால் கட்டைவிரல்!

ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இந்தக் கதை நெஞ்சிலே தைத்த முள். குருபக்திக்கு எடுத்துக்காட்டாக இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். பிள்ளைகளோ பக்தியைப் பற்றிக் கேட்பதில்லை. சொல்லிக் கொடுக்காதவர் எப்படி ஐயா கூலி கேட்கலாம் என்றுதான் கேட்கின்றனர். பத்து வயதுப் பிள்ளைக்குத் தோன்றும் நியாயம் பண்டிதர்களுக்குத் தோன்றவில்லையே!

கிரேக்கத்தில் அடிபட்டவனைப் பார்த்து மற்றவர் சிரித்தனர். இங்கே வெட்டுப்பட்டவனே முகமலர்ந்து விரலை நீட்டினான். இரண்டில் எது கொடிது? இரண்டாவதே கொடிது என்போம். கோல் விழுந்தபோது தெர்சைட்டீசின் கண்ணில் நீராவது வந்தது. நமது கதையிலோ, அந்தக் கண்ணீரையும் துடைத்துவிட்டு அதற்குப் புண்ணியம் என்று பெயர் சூட்டிவிட்டனர்.

மன்னனைக் கேட்டவர் எல்லா இடத்திலும் அடிதான் பட்டனரா என்றால், இல்லை. பூம்புகாரிலிருந்து புறப்பட்ட ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கண்ணகி செல்வக்குடியில் பிறந்தவள்தான். ஆயினும் மதுரையில் அவளுக்கு உற்றாரில்லை, ஊராரில்லை. கணவனைக் கள்வன் என்று கொன்றுவிட்டார்கள். கையில் எஞ்சியிருந்தது ஒற்றைச் சிலம்பு. அதை ஏந்தி அரண்மனை வாயிலில் நின்றாள். வாயிற்காவலன் அஞ்சினான், அரசன் அஞ்சவில்லை, உள்ளே அழைக்கச் சொன்னான். அவள் வாதாடினாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எம் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். சிலம்பு உடைந்தது; மாணிக்கம் தெறித்தது; வழக்கு முடிந்தது.

இங்கே பாண்டியன் கோலை ஓங்கவில்லை. தன் கோல் வளைந்தது என்றுணர்ந்து உயிரை விட்டான். கிரேக்கத்தில் கோல் விழுந்து குடிமகனின் முதுகு வளைந்தது. மதுரையில் குடிமகளின் கேள்வி, கோலின் வளைவை ஊரறியக் காட்டியது. ஒரு பெண் சான்றோடு வந்து அரசனைக் கேட்கலாம், சான்று சரியென்றால் அரசன் தலை தாழ வேண்டும் என்பதைக் காவியப் பொருளாக்கியது தமிழ்.

இதைச் சொல்வதால் சிலம்பில் உள்ள அனைத்தையும் தலைமேல் தூக்கி வைப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அரசன் செய்த பிழைக்கு ஊர் எரிந்தது என்ன நீதி? பார்ப்பனரையும் பசுவையும் விலக்கி எரிந்த தீ என்ன தீ? கோவலன் சாவுக்கு முற்பிறப்பில் காரணம் தேடுவது என்ன அறிவு? பழம்பிறவிக் கணக்கைக் காட்டிவிட்டால் பொற்கொல்லனும் தப்புவான், தீர விசாரியாத மன்னனும் தப்புவான். நமது நூல் என்பதற்காகக் கேள்வியை மடித்து வைத்துவிட்டால், ஒடிசியஸ் கைக்கோல் நம் கைக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள்.

இந்த வகையில் கிரேக்கரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஹோமரைத் தலைசிறந்த புலவர் என்று போற்றிய அதே மக்களிடையேதான், அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர்களும் தோன்றினர். கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே செனோபனீஸ் எழுந்தார்; திருட்டும் விபசாரமும் வஞ்சகமும் கடவுளர் தலையில் ஏற்றப்பட்டிருப்பதைக் கண்டித்தார்; மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்தால் தம் உருவிலேயே கடவுளை வரைந்திருக்கும் என்று நகைத்தார். ஹெராக்லிட்டஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். போட்டி அரங்கிலிருந்து ஹோமரை விரட்டிக் கோலால் அடிக்க வேண்டும் என்றார். தெர்சைட்டீஸ் பட்ட அடி, அவனைப் படைத்த புலவனை நோக்கியே திரும்பியது! கி.மு. 415-இல் யூரிப்பிடீஸ் 'டிராய்ப் பெண்கள்' என்னும் நாடகத்தை ஏதென்ஸ் அரங்கிலே ஏற்றினார். அதற்குச் சிறிது காலத்துக்கு முன்புதான் ஏதென்சுப் படை மீலோஸ் தீவில் ஆடவரைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. வென்றவர்களின் நகரிலே, தோற்றவர்களின் தாய்மாரை நடுமேடையில் நிறுத்தி அழவைத்தார் அந்தக் கவிஞர். ஏதென்சு அவருக்கு இரண்டாம் பரிசு தந்தது.

இங்கே? இராவணனைத் தலைவனாக்கிப் புலவர் குழந்தை 1946-இல் இராவண காவியம் தந்தார். 1948-இல் அரசு அதற்குத் தடை விதித்தது; அந்தத் தடை விலக 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுபக்கத்திலிருந்து பாடியதற்கு அங்கே பரிசு, இங்கே பறிமுதல்!

கேள்வி கேட்டதால் ஹோமர் அழிந்தாரா? இல்லை. இன்றும் உலகம் அவரைப் படிக்கிறது. மகனைக் கொன்ற கையை முத்தமிட்டு மகனின் பிணத்தைக் கேட்கும் பிரயாமின் துயரம், எந்தப் பகுத்தறிவாளனையும் உருக்கும். அங்கே ஜீயசுக்குப் பூசை போயிற்று, காவியம் நிலைத்தது. கடவுள் இறங்கிக்கொண்ட பிறகுதான் கவிதை தன் காலில் நின்றது. கேள்விக்குத் தாங்காத நூல், கிழிக்கப்படாமலே கிழிந்த நூல்.

ஆகவே தோழர்களே, காவியங்களைப் படியுங்கள்! புறக்கணிக்க வேண்டாம், பூசிக்கவும் வேண்டாம். படிக்கும்போது பல்லக்கிலிருப்பவனை மட்டும் பார்க்காமல், அதைத் தூக்குபவன் முகத்தையும் தேடுங்கள். யாருக்குப் பெயர் இல்லை, யார் உடல் பழிக்கப்படுகிறது, யார் விரல் அறுபடுகிறது, எந்தப் பெண் பங்குப் பொருளாகக் கைமாறுகிறாள் என்று கேளுங்கள்.

ஏட்டோடும் நின்றுவிட வேண்டாம். தெர்சைட்டீசை அடித்தது ஒரு கோல்; சிரித்ததோ ஆயிரம் வாய். அந்த ஆயிரவரும் அவனைப் போலவே வீடு திரும்ப ஏங்கியவர்கள். அவன் கேட்டது அவர்களுக்காகவும்தான். அவர்கள் சிரிக்காதிருந்தால், அந்தக் கோல் இரண்டாம் முறை ஓங்கியிருக்குமா? நம் ஊர்க் கூட்டங்களிலும், கந்தல் உடுத்த ஒருவன் எழுந்து, திக்கித் திணறி, இலக்கணம் பிழைத்து, ஆனால் உண்மையான ஒரு கணக்கைக் கேட்பான். அப்போது மேடையிலிருப்பவர் முகம் சுளிப்பார்; பக்கத்திலிருப்பவர் சிரிக்கத் தொடங்குவார்.

நாம் சிரிக்காமலிருப்போம். அவன் கேட்ட கணக்கை, நாமும் எழுந்து நின்று கேட்போம்.